ஒன்-மேக் பந்தயக் கார் செய்ய எந்த வழி? குமரி மாவட்டப் பட்டறைக்கு ஓர் ஒப்பீடு

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துப் பட்டறைக்காரர்களும், பொறியியல் முடித்துவிட்டுச் சொந்தமாக ஏதாவது செய்யத் துடிக்கும் பிள்ளைகளும் கேட்பது ஒரே கேள்விதான்: "பத்துப் பன்னிரண்டு கார் செய்து, வாடிக்கையாளருக்கு விற்றோ வாடகைக்கு விட்டோ ஒரு ஒன்-மேக் தொடர் (எல்லோரும் ஒரே மாதிரிக் காரை ஓட்டும் பந்தயத் தொடர்) நடத்த எண்ணம். எதை வைத்து ஆரம்பிக்கலாம்?"

எதிரே நாலு வழி இருக்கிறது. ஷோரூம் காரை உரித்துப் பந்தயக் காராக்குவது. குழாய்ச் சட்டம் (சேசிஸ்) அடித்து, பின்னால் கார் எஞ்சின் வைத்து ஒற்றை இருக்கைக் கார் செய்வது. அதே சட்டத்தில் பைக் எஞ்சின் வைப்பது. வெளிநாட்டுக் காரை அப்படியே இறக்குவது. பெரும்பாலோர் லேப் நேரத்தை வைத்து முடிவெடுக்கிறார்கள். எல்லோரும் ஒரே காரை ஓட்டுகிற தொடரில் லேப் நேரம் இரண்டு விநாடி கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் நட்டமில்லை. பன்னிரண்டில் ஒன்று அரை விநாடி மெதுவாக இருந்தால்தான் தொடர் கவிழும்.

## முதலில் அளவுகோல்

சமநிலை. காசு கட்டி ஓட்ட வருகிறவர் கேட்கிற முதல் கேள்வி, "எனக்குத் தந்த எஞ்சின் சொத்தையா?" என்பது. இதற்கு வாய் வார்த்தை போதாது, டைனோ (எஞ்சின் வலுவை அளக்கும் கருவி) தந்த தாள் வேண்டும். பன்னிரண்டு காருக்குப் பதினாறு எஞ்சின் வாங்கி, எல்லாவற்றையும் ஒரே டைனோவில், ஒரே நாளில், ஒரே டயர், ஒரே காற்றழுத்தத்தில் அளக்க வேண்டும். உருளை டைனோவில் கட்டும் பட்டையின் இறுக்கம் மாறினாலே அளவு ஓரிரு சதவீதம் மாறிவிடும். சக்கரத்தைக் கழற்றி ஹப்பில் நேரடியாகப் பூட்டும் டைனோ கிடைத்தால் நல்லது. வலுவில் மிஞ்சிய இரண்டையும் குறைந்த இரண்டையும் ஒதுக்கி, நடுவில் வந்த பன்னிரண்டைக் காரில் ஏற்றி, கேம் கவர், சம்ப், பெல் ஹவுசிங் போல்ட் தலைகளில் துளையிட்டு, கம்பி கோத்து, எண் போட்ட சீல் வைக்க வேண்டும். எஞ்சினை ஆளும் கணினியான இசியூவைச் சனிக்கிழமை காலை சீட்டுக் குலுக்கிக் கொடுத்தால் பாதிப் புகார் எழாது.

சனி மோதினால் ஞாயிறு ஓடுமா? தகுதிச் சுற்றில் இடித்த கார் மறுநாள் காலை கிரிட்டில் நிற்க வேண்டும். இல்லையென்றால் அந்த வாடிக்கையாளர் அடுத்த சுற்றுக்கு வரமாட்டார். ஒவ்வொரு வழியையும் "இரண்டு மெக்கானிக், எட்டு மணி நேரம்" என்ற கணக்கில் வைத்துப் பாருங்கள்.

உதிரி எத்தனை வருடம் கிடைக்கும்? ஒரு தொடர் போட்ட முதலை எடுக்க ஐந்து வருடமாவது ஓட வேண்டும்.

பாதுகாப்பு விதி. தேசிய அளவில் போட்டி நடத்த இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐயின் அனுமதி வேண்டும். காரின் தொழில்நுட்ப விதியை எழுதும்போதே அவர்களிடம் காட்டிவிடுவது நல்லது. கார் செய்து முடித்தபின் கொண்டுபோனால் அறுத்து ஒட்ட வேண்டியிருக்கும்.

தூரம். நம் மாவட்டத்தில் பந்தயத் தடம் இல்லை. கோயம்புத்தூர் செட்டிபாளையத்திலுள்ள காரி மோட்டார் ஸ்பீட்வே நாகர்கோவிலிலிருந்து சுமார் 450 கிலோமீட்டர், சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டைத் தடம் சுமார் 700. போகும்போதே டிரக்கில் உதிரி முழுவதும் இருக்க வேண்டும். மறந்ததை எடுத்துவர ஆளனுப்ப முடியாது.

## வழி 1: ஷோரூம் காரின் ஷெல்

முதல் முறை செய்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வோம். சட்டத்தின் வடிவியலைக் கம்பெனியே தீர்த்து வைத்துவிட்டது. பன்னிரண்டு ஷெல்லும் (காரின் வெற்று உடற்கூடு) ஒரே அச்சில் வந்தவை. பம்பர், விளக்கு, டிரைவ் ஷாஃப்ட், ரேடியேட்டர் எல்லாம் உதிரிக் கடையில் கிடைக்கும். கூரையும் கதவும் இருப்பதால் புதிதாக ஓட்ட வருகிறவருக்கும் பயம் குறைவு.

வேலை பெரும்பாலும் ஓட்டுநரைக் காக்கும் குழாய்க் கூண்டில்தான். உலக மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்ஐஏவின் விதிப்படி மெயின் ஹூப் (ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் முக்கிய வளைவு) 45 மி.மீ. விட்டம் 2.5 மி.மீ. தடிமன், அல்லது 50க்கு 2.0, மற்ற குழாய்கள் 38க்கு 2.5 அல்லது 40க்கு 2.0. தையலில்லாத, குளிர்நிலையில் இழுத்த கார்பன் ஸ்டீல், இழுவலிமை குறைந்தது 350 மெகாபாஸ்கல். வளைவின் ஆரம் குழாய் விட்டத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். ஷெல்லில் உட்காரும் இடத்தில் 3 மி.மீ. தகடு, 120 சதுர செ.மீ. பரப்பு. உள்ளூர் இரும்புக் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும், தையலுள்ள இஆர்டபிள்யூ குழாய் இதற்கு ஆகாது. ஜிஐ குழாயைப் பற்றிப் பேசவே வேண்டாம். குழாய் வாங்கும்போதே ஆலைச் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் ஆய்வாளர் கேட்பார்.

மறைந்திருக்கும் செலவு நாலைந்து இடத்தில் வரும். முதலாவது, வெறும் ஷெல்லைக் கம்பெனி தந்தால்தான் உண்டு. இல்லையென்றால் முழுக் காரை வாங்கி, ஏசி, ஏர்பேக், சீட் எல்லாவற்றுக்கும் காசு கொடுத்துக் கழற்ற வேண்டும். பதிவான பழைய கார் என்றால் ஆர்டிஓவில் பதிவை ரத்து செய்யும் வேலையும் சேரும். விபத்தில் அடிபட்ட ஷெல் மலிவாக வரும், தொடாதீர்கள். மூலைக்கு மூலை அளவு 3 மி.மீ. தள்ளிப்போன ஷெல்லை எந்த அலைன்மென்டும் காப்பாற்றாது.

இரண்டாவது, மின்னணு. ஏபிஎஸ் மாட்யூலைக் கழற்றினால் இசியூ வேகக் கணக்குத் தெரியாமல் லிம்ப் மோடுக்கு (வலுவைக் குறைத்து ஓடும் நிலை) போகலாம். பவர் ஸ்டியரிங் மோட்டார், இம்மொபிலைசர், எரிபொருள் பம்பு எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. எதை விட்டுவைப்பது, எதைக் கழற்றுவது என்பதை முதல் காரிலேயே முடித்து, வயரிங்கை வரைபடமாக்கிவிட வேண்டும்.

மூன்றாவது, சாலைக்காகச் செய்த பாகங்கள் ஸ்லிக் டயரின் பிடியைத் தாங்காது. முதலில் போவது வீல் பேரிங், அடுத்து ஸ்ட்ரட்டின் மேல் மவுன்ட், பிறகு வீல் ஸ்டட். இவற்றை உடையும்வரை விடாமல் கிலோமீட்டர் கணக்கு வைத்து மாற்ற வேண்டும். டேங்கில் பெட்ரோல் கால் பங்குக்குக் கீழே இறங்கும்போது நீண்ட வளைவில் பம்பு காற்றை இழுக்கும். எஞ்சின் இருமும், ஓட்டுநர் இக்னிஷனைக் குறை சொல்வார். எரிபொருளைத் தேக்கித் தரும் சின்ன ஸ்வர்ல் பாட் ஒன்று வைத்தால் தீரும்.

எல்லாவற்றையும்விடப் பெரியது, மாடல் நின்றுபோவது. ஃபோக்ஸ்வாகன் போலோ இந்தியாவில் 2022-இல் நின்றது. மாருதி ஸ்விஃப்டுக்கு 2024-இல் வந்த தலைமுறையில் நாலு சிலிண்டர் கே-சீரிஸ் போய், மூன்று சிலிண்டர் எஞ்சின் வந்தது. மூன்றாம் வருடத்தில் பதின்மூன்றாவது கார் வேண்டும் என்று வாடிக்கையாளர் வந்தால் உங்களிடம் ஷெல் இருக்காது. தொடங்கும்போதே இரண்டு ஷெல்லை உபரியாக வாங்கி, மூடிய கொட்டகையில் வையுங்கள். பூட்டிய கொட்டகையாக மட்டும் இருந்தால் போதாது, கடற்காற்று ஸ்பாட் வெல்டுக்குள் புகுந்துவிடும். இடுக்குகளில் மெழுகு தெளித்து வைக்க வேண்டும்.

## வழி 2: குழாய்ச் சட்டமும் கார் எஞ்சினும்

இந்த வழிக்குத் தமிழ்நாட்டில் பழைய வேர் உண்டு. 1980-களின் இறுதியில் கோயம்புத்தூரில் எஸ். கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்துச் செய்த ஃபார்முலா மாருதி கார்கள்தான் மலிவான ஒற்றை இருக்கைப் பந்தயத்தை இங்கே கொண்டுவந்தன. காரி ஸ்பீட்வே அவர் பெயரில்தான் நிற்கிறது. அதன் வழியில் வந்த எல்ஜிபி ஃபார்முலா 4 கார்களும் குழாய்ச் சட்டத்தில் 1300 சி.சி. சுசுகி எஞ்சினைக் கொண்டவைதான். தமிழ்நாட்டில் பிள்ளைகள் ஃபார்முலா கார் ஓட்டிப் பழகியது பெரும்பாலும் இவற்றில்.

சூத்திரம் எளிது. முன்சக்கர ஓட்டக் காரின் எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் மூன்றையும் ஒன்றாகத் தூக்கி ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைப்பது. அதே காரின் முன் ஹப்பையே பின் ஹப்பாக்கி, ஸ்டியரிங் கை இருந்த இடத்தை டோ லிங்க் (சக்கரம் திரும்பாமல் பிடிக்கும் தண்டு) கொண்டு பூட்டிவிட்டால், டிரைவ் ஷாஃப்ட் முதல் வீல் பேரிங் வரை எல்லாம் உதிரிக் கடைச் சரக்கு. மாருதியின் கே12 எஞ்சின் 1197 சி.சி.யில் 83 முதல் 90 குதிரைத்திறன் தருகிறது. 500 கிலோ காருக்கு அது தாராளம்.

இதில் நம் மாவட்டத்துக்குக் கிடைக்கும் அனுகூலம் வேறெங்கும் எளிதில் அமையாது. வளைகுடாவில் பைப்லைன் வேலை பார்த்துத் திரும்பிய 6ஜி (சாய்ந்து நிற்கும் குழாயைச் சுற்றி அடிக்கும்) தேர்ச்சி பெற்ற டிக் வெல்டர்கள் இங்கே ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஃபைபர் வள்ளம் கட்டுகிறவர்கள் கடற்கரை முழுக்க இருக்கிறார்கள். மூக்கும் சைடு பாடும் அச்செடுத்து வார்க்க அவர்களைவிடக் கைதேர்ந்தவர் வேண்டாம். ஆனால் ஒரு எச்சரிக்கை: வள்ளம் கட்டிப் பழகிய கை தடிமனாகவே போடும். காரின் மூக்குக்கு 450 கிராம் மேட் இரண்டு அடுக்கு போதும். ஜெல்கோட்டோடு இரண்டரை மி.மீ. வரும். நாலு அடுக்கு போட்டால் முன் அச்சுக்கு வெளியே வீணாகச் சில கிலோ தொங்கும். ஒவ்வொரு மூக்கையும் தராசில் வைத்து எடையைச் சுவரில் எழுதி வையுங்கள். இன்னொன்று, ஃபைபர் மூக்கு மோதலைத் தாங்காது. அதற்குள்ளே மடிந்து நொறுங்கும் அலுமினியப் பெட்டி தனியாக வேண்டும்.

சட்டத்தில் சமநிலை, குழாய்களை இடம் மாறாமல் பிடித்து வைக்கும் ஜிக் மேசையிலிருந்து வருகிறது. வெல்டிங் சூட்டில் குழாய் இழுக்கும். ஒரு பக்கமாகவே அடித்துக்கொண்டு போனால் கடைசியில் பிக்-அப் புள்ளிகள் (சஸ்பென்ஷன் சட்டத்தில் பூட்டும் இடங்கள்) 4, 5 மி.மீ. விலகி நிற்கும். எல்லா மூட்டையும் முதலில் டேக் போட்டு, நடுவிலிருந்து வெளியே, இடதும் வலதுமாக மாறி மாறி அடிக்க வேண்டும். குழாய் வாயை மீன்வாய் வெட்டி, இடைவெளி அரை மி.மீ.க்குள் உட்கார வைக்காமல் கம்பியால் நிரப்பினால் அந்த மூட்டு எப்போதும் இழுக்கும். சஸ்பென்ஷன் பிராக்கெட்டுகளைச் சட்டம் ஆறியபின், ஜிக்கிலேயே, கடைசியில் அடியுங்கள். இலக்கு ஒரு மி.மீ.க்குள்.

ஒவ்வொரு சட்டத்தையும் முறுக்கிப் பார்க்க வேண்டும். பின்பக்கத்தை மேசையில் பூட்டி, முன்பக்கத்தில் ஒரு மீட்டர் நெம்புகோல் கட்டி, நுனியில் 50 கிலோ தொங்க விடுங்கள். அது சுமார் 490 நியூட்டன் மீட்டர். டயல் கேஜ் கணக்கில் சட்டம் 0.15 டிகிரி திரும்பினால் விறைப்பு ஏறக்குறைய 3,270 நி.மீ. ஒரு டிகிரிக்கு. எண் பெரிதாக இருப்பதைவிட, பன்னிரண்டு சட்டமும் ஐந்து சதவீதத்துக்குள் நிற்பது முக்கியம். ஒன்று மட்டும் தளர்ந்து வந்தால் வெல்ட் ஏதோ ஒன்று உள்ளே பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

சேதத்துக்கு ஒரு வரிசை வைத்து வடிவமைக்க வேண்டும்: முதலில் விஷ்போன் (சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கை) வளைய வேண்டும், பிறகு பிராக்கெட், சட்டம் கடைசி. கை வலுவான வெல்டர்கள் விஷ்போனுக்கும் தடித்த குழாயைப் போட்டுவிடுவார்கள். விஷ்போன் வளையாமல் சட்டம் கோணிக்கொள்ளும், ஞாயிற்றுக்கிழமை போயிற்று. இடது விஷ்போனும் வலதும் ஒன்றையொன்று மாற்றிப் போடும்படி வரைந்தால் உதிரி அலமாரி பாதியாகும். வரைபட மேசையில் ஒரு வாரம் கூடுதலாக ஆகும், ஐந்து வருடம் மிச்சம் பிடிக்கும்.

மறைந்த செலவு இங்கே வேறு மாதிரி. ஜிக்குக்கும் அச்சுக்கும் முதல் கார் பிறக்கும் முன்பே காசு போகும். கார் பத்துக்குக் குறைந்தால் அந்தச் செலவு திரும்பாது. முன்னால் இருக்கும் ரேடியேட்டரிலிருந்து பின்னால் எஞ்சின் வரை நீளும் தண்ணீர்க் குழாயில் காற்று அடைக்கும். உயரமான இடத்தில் பிளீட் திருகு இல்லாவிட்டால் எஞ்சின் ஹெட் போகும். கியர் கேபிள் நீளமாவதால் ஆட்டம் வரும். அலுமினியத் தரைத் தகட்டை இரும்புக் குழாயில் நேரடியாக ரிவெட் அடித்தால் நம் ஊர் உப்புக் காற்றில் இரண்டே மழைக்காலத்தில் வெள்ளைப் பொடி கிளம்பும். இடையில் பாலியூரிதேன் சீலன்ட் வேண்டும். சட்டத்துக்கு பவுடர் கோட்டிங் போடாதீர்கள். அது விரிசலை மூடிவிடும். வெளிர் சாம்பல் நிறத்தில் மெல்லிய பெயின்ட் அடித்தால் விரிசல் துருக்கோடாக வெளியே தெரியும்.

குலசேகரம் பக்கம் ரப்பர் விளைகிறதே, புஷ்ஷை இங்கேயே வார்த்தால் என்ன என்று சிலருக்குத் தோன்றும். வார்ப்புக்கு வார்ப்பு கடினம் மாறும்; மாறினால் ஒரு கார் வளைவில் ஒரு மாதிரி, அடுத்த கார் வேறு மாதிரி. கோள பேரிங்கை வாங்கிப் போடுவதே நல்லது. ரப்பர் எஞ்சின் மவுன்டோடு நிற்கட்டும்.

## வழி 3: பைக் எஞ்சின்

கல்லூரிப் பிள்ளைகள் விரும்புவது இதை. ஃபார்முலா ஸ்டூடன்ட் பாணிக் காரில் ஏற்கெனவே கை வைத்திருப்பார்கள். எஞ்சின் மலிவு, எடை குறைவு, சீக்வென்ஷியல் கியர்பாக்ஸ் கூடவே வருகிறது. ஆனால் போட்டிக்காக ஒரு வாரம் ஓடிய ஒற்றைக் காரும், தெரியாதவர் கையில் ஒரு பருவம் முழுக்க ஓடும் பன்னிரண்டு காரும் ஒன்றல்ல.

பைக் வளைவில் சாய்கிறது. அதனால் விசை எப்போதும் சம்பின் அடியை நோக்கியே அழுத்தும், எண்ணெய் இருந்த இடத்திலேயே இருக்கும். கார் சாயாது. எண்ணெய் பக்கவாட்டில் ஏறி நிற்க, பம்பு காற்றை உறிஞ்சும். முதலில் பிக்-எண்டு பேரிங் போகும். சம்பில் தடுப்பும் ஒருவழிக் கதவும் வைக்க வேண்டும், எண்ணெய் அழுத்த எச்சரிக்கை விளக்கை ஓட்டுநர் கண்ணெதிரே வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் எஞ்சின் போனவர்கள் ஏராளம்.

அடுத்தது கிளட்ச். ராயல் என்ஃபீல்டு 650-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 648 சி.சி., 47 குதிரைத்திறன், 52 நி.மீ. நல்ல எஞ்சின், உதிரியும் மாவட்டம் முழுக்கக் கிடைக்கும். பைக்கும் ஆளும் சேர்ந்து 300 கிலோவுக்குள் இழுக்கும் கிளட்ச் அது. காரில் 420 கிலோவை நின்ற இடத்திலிருந்து இழுக்க வேண்டும். புதிய ஓட்டுநர் கிரிட்டில் இரண்டு முறை தவறினால் தட்டு கருகிவிடும். ரிவர்ஸ் இல்லாததால் சுழன்று நின்ற காரை மார்ஷல்கள் தள்ள வேண்டும், அதற்குள் சிவப்புக் கொடி விழலாம். பைக் விழுந்தால் எஞ்சினை அணைக்கும் சாய்வு சென்சாரைச் சரியான திசையில் பொருத்தாவிட்டால் தடத்தின் ஓர மேடான கெர்ப் ஏறிய உடனே எஞ்சின் அணையும். செயின் ஒவ்வொரு செஷனுக்குப் பின்னும் இறுக்கம் பார்க்க வேண்டும். இரும்புக் காவல் இல்லாமல் செயின் அறுந்தால் அது ஓட்டுநரின் முதுகுப் பக்கம்தான் பறக்கும்.

பயிற்சிப் பள்ளிக்கும், காரி போன்ற 2.1 கி.மீ. அளவுள்ள சின்னத் தடத்துக்கும் இது பொருந்தும். டயரும் பிரேக்கும் மெதுவாகத் தேயும்.

## வழி 4: இறக்குமதி

இந்திய எஃப்4 தொடரில் ஓடும் மைகேல் கார் போன்றவை கார்பன் மோனோகாக் (ஒரே கூடாக வார்த்த உடல்), ஹேலோ (ஓட்டுநர் தலைக்கு மேல் காவல் வளையம்) எல்லாம் உள்ளவை; பாதுகாப்பில் மற்ற மூன்றும் கிட்டே வராது. ஆனால் மோனோகாக் விரிசல் விட்டால் நாகர்கோவிலில் தட்டி எடுக்க முடியாது. உதிரி யூரோவில், சுங்கத்தோடு. இதை எடுத்தால் நீங்கள் கார் செய்கிறவர் இல்லை, தொடர் நடத்துகிறவர். அது வேறு தொழில்.

## பக்கத்தில் பக்கமாக

| அளவுகோல் | ஷெல் | சட்டம் + கார் எஞ்சின் | சட்டம் + பைக் எஞ்சின் |
|---|---|---|---|
| சமநிலை எங்கே தவறும் | ஸ்ட்ரட், மின்னணு | ஜிக், வெல்ட் | கிளட்ச், எண்ணெய் |
| சனி மோதல், ஞாயிறு ஓட்டம் | சக்கர மூலை போனால் சிரமம் | விஷ்போன் மாற்றினால் ஓடும் | அதேபோல் |
| ஐந்து வருட உதிரி | மாடல் நின்றால் சிக்கல் | எஞ்சின் மட்டும் கவலை | பைக் விற்கும்வரை எளிது |
| முதல் காருக்கு முன் செலவு | குறைவு | அதிகம் | நடுத்தரம் |
| உள்ளூர்க் கைவேலை | கூண்டு, டிங்கரிங் | வெல்டிங், ஃபைபர் முழுக்க | அதேபோல் |
| புதிய ஓட்டுநருக்கு | மிக ஏற்றது | பயிற்சி வேண்டும் | ஸ்டார்ட்டில் திணறுவார் |

## எந்த வழியானாலும் கணக்கில் விடுபடுவது

காலாவதி. எஃப்ஐஏ 8855-1999 சீட்டுக்கும் 8853-2016 பெல்ட்டுக்கும் ஐந்து வருடம். தேதி தாண்டினால் நன்றாக இருந்தாலும் ஆய்வில் வெளியே. "பாதி விலைக்குப் பழைய பெல்ட்" என்று வருவதை வாங்கும்முன் லேபிளைப் படியுங்கள். தீயணைப்புச் சிலிண்டருக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு சோதனை.

பிரேக் எண்ணெய். டாட் 4-இன் உலர்ந்த கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறினால் 155 வரை இறங்கலாம். நம் கடலோரக் காற்றில் திறந்து வைத்த டப்பா நாளைக்கு ஆகாது. சின்ன டப்பாவாக வாங்கி, மிச்சத்தைப் பட்டறையின் ஜீப்புக்கு ஊற்றிவிடுங்கள்.

டிரக். மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியாக மூடிய உயரமான டிரெய்லரை இழுப்பவர்கள் பக்கக் காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். அத்தனை காற்றாலையும் சும்மா நிற்கவில்லை. கனமானது கீழே, அச்சுக்குக் கொஞ்சம் முன்னால். மேல் அடுக்கில் கார் இருந்தால் கணவாயை விடியற்காலையில் தாண்டிவிடுவது நல்லது.

உதிரி அலமாரி. சட்டக் காரில் பன்னிரண்டு காருக்கு ஒரு சுற்றுக்கு நாங்கள் வைக்கச் சொல்வது: மூக்கு 6, முன் விஷ்போன் 10 ஜோடி, பின் 6, டோ லிங்க் 12, ஸ்டியரிங் ராக் 2, ரேடியேட்டர் 3, சீல் வைத்த எஞ்சின் 2, கியர்பாக்ஸ் 1, ரிம் 16. ஷெல் காரில் மூக்குக்குப் பதில் பம்பரும் ஃபென்டரும், கூடவே முன் சப்-ஃப்ரேம் 2, ஸ்ட்ரட் 8. இந்த அலமாரியில் தூங்கும் பணம் ஏறக்குறைய ஒரு காரின் விலை. விலைப்பட்டியல் போடும்போது பலர் இதை மறப்பதால்தான் இரண்டாம் வருடம் தொடர் நிற்கிறது.

## யாருக்கு எது

பட்டறையில் டிங்கரிங் கை இருக்கிறது, வெல்டிங்குக்கு ஜிக் இல்லை, வாடிக்கையாளர்கள் சொந்தத் தொழில் செய்யும் நடுவயதுக்காரர்கள்: ஷெல். ஆறு கார் போதும் என்றாலும் ஷெல்தான்.

டிக் வெல்டரும் லேத்தும் ஃபைபர் ஆளும் கூப்பிடு தூரத்தில், பத்துக் காருக்கு முன்பணம் உறுதி, வாடிக்கையாளர்கள் கோ-கார்ட்டிலிருந்து மேலே போக நினைக்கும் பிள்ளைகளின் பெற்றோர்: குழாய்ச் சட்டமும் கார் எஞ்சினும். குமரியில் இருந்துகொண்டு நீண்ட நாள் நிற்க நினைப்பவர்களுக்கு எங்கள் விருப்பம் இதுதான். ஷெல் தொடரில் உங்கள் கதியைக் கார்க் கம்பெனியின் அடுத்த மாடல் தீர்மானிக்கும். இதில் வரைபடம் உங்கள் கையில். எஞ்சின் நின்றுபோனால் பின் மவுன்டை மட்டும் மாற்றி வரையலாம்.

பயிற்சிப் பள்ளி மட்டுமே நோக்கம், மணிக்கணக்கில் வாடகை: பைக் எஞ்சின், அதுவும் சம்ப் தடுப்பு சோதித்த பிறகு.

எதை எடுத்தாலும் பன்னிரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்காதீர்கள். முதல் கார் ஒன்றைச் செய்து 2,000 கிலோமீட்டர் ஓட்டுங்கள். காரியில் அது ஏறக்குறைய 950 லேப். ஒவ்வொரு 300 கிலோமீட்டருக்கும் சட்டத்தைக் கழுவி, மூட்டுகளில் டை பெனிட்ரன்ட் (விரிசலைக் காட்டும் சாயம்) அடித்துப் பாருங்கள். பிறகு ஒரு முன் மூலையை வேண்டுமென்றே கழற்றி, இரண்டு பேரை விட்டு நேரம் பாருங்கள்: விஷ்போன், டோ லிங்க், பிரேக் பைப், அலைன்மென்ட் எல்லாம் சேர்ந்து மூன்று மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். முடியாவிட்டால் எந்த போல்ட் கைக்கு எட்டவில்லை என்று குறித்துக்கொண்டு வரைபடத்துக்குத் திரும்புங்கள். இரண்டாவது சட்டத்துக்குக் குழாய் வெட்டுவது அதற்கப்புறம்.